வளையத்தின் கீழ் நின்று மேலே பார்த்தவர்

சாகுல் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சுனாபட்டி வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் மகள் நஸ்ரின்தான் கூப்பிட்டாள். “ஆன்ட்டி, வாப்பா மவுத்தாயிட்டாங்க. காலைல தொழுகைக்கு எழுப்பப் போனேன், எழும்பவே இல்ல” என்றாள். பிழியாத புடவை கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கீழ்வீட்டு மராத்தி அம்மாள் ஜன்னலைத் திறந்து சத்தம் போட்ட பிறகுதான் நான் அசைந்தேன்.

மத்தியானத்துக்குள் எங்கள் கூடைப்பந்து நடுவர்களின் வாட்ஸப் குழுவில் இரங்கல் குவிந்துவிட்டது. ‘மிகச் சிறந்த நடுவர்’ என்று யாரோ ஒருவர் ஆரம்பித்துவைக்க, மற்றவர்கள் அதன் கீழே கும்பிடும் கைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். அதைப் படித்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்தது. சாகுல் இருந்து படித்திருந்தால் அவருக்கும் அதுதான் வந்திருக்கும்.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் அவர் விசிலுக்குக் கீழே ஆடியவர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சாகுல் நல்ல நடுவரா? செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனால் இல்லாத ஒருவரைப் புகழ்ந்துவிட்டு இருந்த ஒருவரை மறந்துபோவதும் நியாயமில்லை. அவருடைய பார்ட்னராகப் பல வருஷம் மைதானத்தில் ஓடியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். அவர் மோசமான நடுவர். கொஞ்ச நஞ்சமல்ல, படுமோசம்.

எங்களை ஜோடி சேர்த்தவர் எங்கள் நடுவர் குழுவின் செயலாளர் கதம் சார். அதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பொம்பளையோடு விசில் பிடிக்க மற்ற நடுவர்களுக்கு மனசில்லை. சாகுலோடு விசில் பிடிக்க யாருக்குமே மனசில்லை. மிஞ்சியவர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் மாட்டுங்காவில் கல்லூரி அணிக்கு ஆடி, பிறகு இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடுகிறவள். அவர் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது இளையவர் என்பதால் முதல் நாளே ‘விஜயாக்கா’ ஆகிவிட்டேன். நான் அவரை ‘சாகுல்’ என்று கூப்பிட்டாலும் ‘நீங்கோ’தான். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி.

நடுவர் தேர்வில் அவர் எப்படிப் பாஸானார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நன்றாகவே பாஸானார். விதிகள் அத்தனையும் தலைகீழாகச் சொல்வார். கண்தான் பேச்சைக் கேட்காது.

கூடைப்பந்தில் இரண்டு நடுவர்கள் இருந்தால் ஒருவர் வளையத்துக்குக் கீழே, எல்லைக் கோட்டருகே நிற்பார். இன்னொருவர் பின்னால், ஆட்டத்தைத் தொடர்ந்து வருவார். ஆட்டம் திரும்பினால் இடமும் மாறும். மைதானத்தை மனசுக்குள் பாகம் பிரித்துக்கொள்ள வேண்டும். பந்து பார்ட்னரின் பாகத்தில் இருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. நம் பாகத்தில் யார் யாரை இடிக்கிறார்கள், யார் கை யார் இடுப்பில் இருக்கிறது என்பதுதான் நமக்கு. அதிலும் வளையத்தின் கீழே நிற்பவர் பந்து மேலே போகும்போது அண்ணாந்து பார்க்கவே கூடாது. பந்து போகிற நேரத்தில்தான் கீழே முழங்கையும் முட்டியும் வேலை செய்யும். பின்னால் நிற்பவர்கூட, எறிந்தவரின் கால் தரையில் இறங்கும்வரை பார்த்துவிட்டு அப்புறம்தான் வளையத்தைப் பார்ப்பார். ஆகவே பந்து விழுந்ததா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியும். எப்படி விழுந்தது என்று தெரியாது.

சாகுலுக்கு மற்றது எதுவும் தெரியாது, அது மட்டும்தான் தெரியும். விசில் ஊதிப் பந்தை மேலே போட்ட கணத்திலிருந்து அவர் கண் பந்தோடு கயிறு கட்டினதுபோல் போகும். இரண்டு பேர் பாகத்தையும் நான் ஒருத்தி பார்க்க வேண்டும். அவர் பக்கத்து ஃபவுலை மைதானத்தின் பாதியிலிருந்து ஓடிவந்து ஊதினால், “உனக்கு அங்கேயிருந்து எப்படித் தெரிஞ்சது?” என்று பயிற்சியாளர்கள் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஊதாமல் விட்டாலும் எனக்குத்தான் திட்டு. தாராவிப் பையன்கள் அவருக்கு ஒரு கேலி வைத்திருந்தார்கள். அவர் வாயைப் பிளந்து பந்தைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவன் கத்துவான்: “பாய், டிக்கெட் வாங்கிட்டீங்களா?”

அவர் கோபப்பட மாட்டார். “பாஸ் வச்சிருக்கேம்ல, போலே” என்பார்.

மாட்டுங்காவில் நடந்த ஒரு ஆட்டத்தை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பையன் பலகைக்குப் பின்னாலிருந்து, உடம்பைக் காற்றிலேயே திருப்பி, பந்தை உள்ளே போட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அப்போது வேறு இரண்டு பேரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் “மாஷா அல்லா!” என்ற சத்தம். நடுவர் சாகுல், ஆட்டத்தின் நடுவில், எல்லோருக்கும் கேட்கும்படி! விசில் வாயிலிருந்து விழுந்து கழுத்துக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எதிரணிப் பயிற்சியாளர் ஸ்கோர் மேஜையைத் தட்டிக்கொண்டு வந்தார். “ரெஃப்ரி எல்லாருக்குமா, அவங்களுக்கு மட்டுமா?” என்று ஹிந்தியில் ஒரு பாட்டம் பாடினார். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, நடுவர் கடவுள் பெயரைச் சொல்லக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மைதானத்தில் பார்ட்னரை விட்டுக்கொடுக்கக் கூடாது. அவர் ஊதியது தப்பென்று தெரிந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது. ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே வெளியேற வேண்டும். திட்டுவதெல்லாம் கேட்டைத் தாண்டின பிறகு. நான் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். கேட் தாண்டியதும் ஆரம்பித்துவிடுவேன். அது அவருக்கும் பழகிப்போனது. வெளியே வந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே, “கேட்டு தாண்டியாச்சு. இப்பம் ஆரம்பிங்கக்கா” என்பார்.

“உங்க பக்கத்துல அந்தத் தடியன் மூணு தரம் இடிச்சான். ஒரு தரமாவது ஊதினேளா?”

“விசில ஊதுனா ஆட்டம் நின்னுருதுல்லாக்கா. நின்ன ஆட்டத்த எவன் பாப்பான்?”

இப்படிப் பேசுகிற ஆளை என்ன செய்வது? ஸ்டேஷன் வரும்வரை திட்டுவேன். ரயிலேறியதும் நான் ஓய்ந்துபோவேன், அவர் ஆரம்பிப்பார்.

டோம்பிவிலியில் ஆட்டம் இருந்தால் திரும்பி வரும் ஸ்லோ லோக்கலில் சயான்வரைக்கும் நேரம் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் நகரத்துப் பக்கம் வரும் வண்டியில் கூட்டமும் குறைவு. லேடீஸ் டப்பாவில் ஜன்னலோர இடம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு ஜெனரல் டப்பாவில், குட்கா வாசனைக்கு நடுவில், நான் எதற்காக உட்கார்ந்தேன் என்று என் வீட்டுக்காரர் கேட்டதுண்டு. ஆட்டம் கேட்பதற்காக என்றேன். “நீதானே அந்த ஆட்டத்துல நடுவர்?” என்று அவர் விழித்தார். உண்மைதான். ஆனால் நான் அதைப் பார்த்திருக்கவில்லையே.

“யக்கா, அந்தக் குட்டச்சி எறிஞ்சா, பாத்தியளா?” என்று சாகுல் ஆரம்பிப்பார். “முன்னால ரெண்டு பேரு பனமரம் கணக்கா நிக்காளுவ. இவ என்ன செஞ்சா? எறியப் போற மாதிரி தோளத் தூக்குனா. அவளுவ ரெண்டு பேரும் துள்ளிட்டாளுவ. இவ துள்ளல. அவளுவ எறங்கி வாற நேரமாப் பாத்து, நிதானமா எந்திரிச்சி, கைய இப்பிடி விட்டா. பந்து வளையத்து மேல போயி உக்காந்துட்டு. உள்ள போவட்டா, வேண்டாமான்னு ஒரு யோசன. பொறவு பெரிய மனசு பண்ணி உள்ள எறங்குச்சி.”

அந்தக் கணத்தில் நானும் அதே மைதானத்தில்தான் இருந்தேன். எனக்கு நினைவிலிருந்தது உயரமான பெண் ஒருத்தியின் இடது கால் கோட்டை மிதித்தது மட்டுமே. சாகுல் சொல்லச் சொல்ல, குட்டைப் பெண் எழும்புவதும் பந்து உட்கார்ந்து யோசிப்பதும் டப்பாவுக்குள்ளேயே நடந்தது. கையை அப்படி வீசிச் சொல்வார். ஒருமுறை எதிரே இருந்தவர் மூக்குக் கண்ணாடி பறக்கப் பார்த்தது. எதிரே இருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழ் தெரியாத ஒருவர் கடைசியில், “கோன் ஜீதா?” என்று கேட்பார். சாகுல் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

“யக்கா, யாரு ஜெயிச்சா?”

நோன்பு மாதத்திலும் அவர் ஆட்டத்துக்கு வருவார். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஓடுவார். திரும்பும்போது தாணேக்குப் பக்கத்தில் எங்கேயாவது நோன்பு திறக்கும் நேரம் வரும். பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் எனக்கு நீட்டுவார், அப்புறம் பக்கத்திலிருப்பவர்களுக்கு, கடைசியாகத் தன் வாயில். கொட்டையைத் துப்பின கையோடு மறுபடி ஆட்டம் தொடங்கிவிடும். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான கூடைப்பந்து எல்லாம் அந்த ரயிலில் பார்த்ததுதான். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. திட்டவே நேரம் சரியாக இருந்தது.

இனிமேல் சொல்வது செம்பூர் ஆட்டம். கல்லூரிப் பெண்கள் ஆட்டம், சமமான அணிகள். சாகுல் வளையத்தின் கீழே நின்றார், நான் பின்னால். தூரத்திலிருந்து ஒருத்தி பந்தை எறிந்தாள். எறிந்தவளின் காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே, சாகுலின் மூக்குக்கு நேரே, ஒருத்தி இன்னொருத்தியை இடுப்பில் தள்ளினாள். அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை தள்ளியிருக்கிறாள் என்று பிறகு சொன்னார்கள். ஊதியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். சாகுல் அண்ணாந்து வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளப்பட்ட பெண் காற்றில் இருந்தாள். கோணலாக இறங்கினாள். அவள் போட்ட சத்தத்தில் ஆட்டம் தானாகவே நின்றது.

முழங்கால். அந்தப் பெண் அந்த வருஷம் முழுக்க ஆடவில்லை. அவளை ரிக்‌ஷாவில் ஏற்றும்போது சாகுல் அவள் காலணியைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஓடினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் மடியில் வைத்தார். அன்று கேட்டைத் தாண்டின பிறகு நான் திட்டவில்லை. அவரும் ‘ஆரம்பிங்கக்கா’ சொல்லவில்லை.

கதம் சார் அந்த வாரமே எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். மழைக்காலம் முடிந்து போட்டிகள் ஆரம்பிக்கும்போது சாகுல் சரியாகவில்லை என்றால் பட்டியலில் அவர் பெயர் இருக்காது என்றார். சாகுல் தலையை ஆட்டினார். வெளியே வந்து வடாபாவ் கடை ஓரமாக நின்றோம். வாங்கினதை அவர் தின்னவில்லை.

“வாரம் பூரா பட்டறைல குனிஞ்சே கெடக்கேன்க்கா. ஞாயித்துக்கெழம ஒரு நாத்தான் தலய நிமுத்துதேன். அதுவும் இல்லன்னா நான் என்ன செய்யது?” என்றார். பிறகு, “அந்தப் பிள்ள காலு என் கண்ணுலயே நிக்கி. நீங்க சொல்லித் தாங்க. இந்தக் கண்ண எப்பிடியாவது கட்டிப் போடுங்க” என்றார்.

அவர் பட்டியலில் நீடிப்பதில் எனக்குச் சுயநலமும் இருந்தது. சாகுல் போனால் என்னோடு யார் ஓடுவார்கள்? ஆகவே மழைக்காலம் முழுக்க அவரை வைத்து மல்லுக்கட்டினேன். முதலில் வாயால் சொல்லிப் பார்த்தேன். “பந்து உங்க மாமியாராக்கும். வந்தா தானே தெரியும், நீங்க வாசல்ல நின்னு பாக்க வேண்டாம்” என்றேன். சிரித்துவிட்டுப் பந்தையே பார்த்தார். கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தாராவியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பையன்களைக் கூட்டி, பந்தே இல்லாமல் ஆடச் சொன்னேன்.

“பந்து எங்க ஆன்ட்டி?” என்று கேட்டார்கள்.

“இருக்குன்னு வெச்சுக்கோங்கோடா.”

பையன்கள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். இல்லாத பந்தைத் தட்டினார்கள், எறிந்தார்கள், அதற்காக நிஜமாகவே முட்டி மோதினார்கள். பார்க்க ஒன்றும் இல்லாத ஆட்டத்தில் சாகுலின் கண் முதல் சில நாள் மேலேயும் கீழேயும் அலைந்தது. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கால்களில் நின்றது. அப்புறம் இடுப்பில், முழங்கையில். ஒருநாள் டக்கென்று விசிலை ஊதி, “ஏழாம் நம்பரு, தள்ளுத!” என்றார். தள்ளியவனே அசந்துபோய்க் கையைத் தூக்கினான். நான் கைதட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மழை விட்டதும் டோம்பிவிலியில் முதல் ஆட்டம். சாகுல் ஒழுங்காக நின்றார், ஒழுங்காக ஊதினார். நான் என் பாகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இவ்வளவு லேசான வேலையா இது என்று ஓடினேன். இரண்டு பயிற்சியாளர்களும் வந்து கைகொடுத்தார்கள். கேட்டைத் தாண்டின பிறகு திட்ட ஒன்றுமே இல்லை. ரயிலேறினோம். நான் வழக்கம்போல ஜெனரல் டப்பாவில் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தேன்.

இருட்டுவதற்கு முன்பே வண்டி டோம்பிவிலியை விட்டு நகர்ந்துவிட்டது. வெளியே மும்ப்ரா மலை, அப்புறம் கழிமுகம். சாகுல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நானே கேட்டேன்.

“கடைசி ஷாட் எப்படி?”

“எதுக்கா?”

“மூலையிலேர்ந்து எறிஞ்சானே. எல்லாரும் கத்தினாளே.”

“அதா... உள்ள போச்சுன்னு தெரியும். நான் பத்தாம் நம்பரு முழங்கையப் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி, “நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார்.

முதல் நாள்தானே, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கு அடுத்த வாரமும். எங்களுக்குப் பேச்சு இல்லாமல் போகவில்லை. எந்த ஃபவுலை யார் பார்த்தது, யாரை எச்சரித்தது என்று பேசிக்கொண்டு வந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ‘கோன் ஜீதா’ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போது சாகுலுக்குப் பதில் தெரிந்திருக்கும். சில மாதங்களில் நான் லேடீஸ் டப்பாவுக்கு மாறிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சயானில் இறங்கி நடைப்பாலத்தில் சந்தித்து, அவர் தாராவிப் பக்கம், நான் சுனாபட்டிப் பக்கம் என்று பிரிந்துபோவோம்.

தாராவிப் பையன்களும் டிக்கெட் கேலியை விட்டுவிட்டார்கள். ஒருநாள் ஆட்டம் முடிந்து வரும்போது அவர், “பயலுவ இப்பம் என்னய மதிக்கானுவக்கா” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். குரலில் வேறு ஏதோ இருந்ததாக எனக்கு இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

நான் செய்தது தப்பா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அந்தப் பெண்ணின் முழங்காலை நினைத்தால் மறுபடியும் அதையே செய்வேன். அதனால்தான் எனக்கு ஆறவில்லை. தப்புச் செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். நான் ஒரு படுமோசமான நடுவரைச் சுமாரான நடுவராக்கினேன். சுமாரான நடுவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் உட்பட. அப்படி ஆட்டம் பார்க்கிற மனுஷர் ஒருவர்தான் இருந்தார்.

போன வருஷம் அவருக்கு இதயத்தில் கோளாறு என்று டாக்டர் ஓடக் கூடாது என்றுவிட்டார். விசிலை நஸ்ரினிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னாராம். எனக்கு அதைக் கேட்டதும் வருத்தத்தோடு ஒரு ஆசையும் வந்தது. இனிமேல் பொறுப்பில்லையே, பழையபடி பார்க்கலாமே! ஒரு சாயங்காலம் மாட்டுங்காவில் நல்ல இரண்டு அணிகள் ஆடுகின்றன என்று தெரிந்து, அவரை டாக்சியில் அழைத்துப்போனேன். பார்வையாளர் படிக்கட்டில், முதுகுக்குச் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காரவைத்தேன்.

“இன்னிக்கு டிக்கெட் வாங்கியாச்சு சாகுல். பந்தைப் பாருங்கோ. எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்” என்றேன்.

“சொல்லிட்டாப் போச்சி” என்றார்.

ஆட்டம் ஆரம்பித்தது. பிரமாதமான ஆட்டம் என்று சுற்றியிருந்தவர்கள் எழுந்து எழுந்து கத்தியதிலிருந்து தெரிந்தது. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, சாகுலைப் பார்த்தேன். பந்து ஒரு பக்கம் போனது. அவர் கண் இன்னொரு பக்கம், வளையத்தின் கீழே நின்ற இரண்டு பையன்களின் காலில் இருந்தது. “நகந்துட்டான்க்கா. ஊதல, பாத்தியளா? பார்ட்னரும் பாக்கல” என்றார். கூட்டம் மறுபடி எழுந்தது. அவர் தலையை உயர்த்தினார். அதற்குள் பந்து வலையிலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆயிற்று. நிஜமாகவே முயற்சி செய்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பி, “இப்பம் பந்து தெரிய மாட்டேங்குக்கா” என்றார். “நீங்க நல்லாத்தான் சொல்லித் தந்திருக்கிய.”

குற்றம் சொல்லும் குரலே இல்லை. சிரித்தார்கூட. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டோம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டைத் தாண்டியது அதுதான் கடைசி.

ஜனாஸா அன்று தாராவிச் சந்தில் பெண்களோடு நின்றேன். ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நரைத்தவர்கள், தொந்தி போட்டவர்கள். அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. கேட்வரை போய் நான் நின்றுவிட்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

சில வாரம் கழித்துத் தாராவிப் பையன்கள் அவர் நினைவாக ஒரு ஆட்டம் வைத்தார்கள். நான்தான் விசில் பிடிக்க வேண்டும் என்றார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நஸ்ரின் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். அவருடைய விசில். “ஆன்ட்டி, நீங்களே ரக்கோ, வச்சுக்கோங்க. வாப்பாவோட யாதா, ஞாபகமா எதாவது உங்ககிட்ட இருக்கட்டும்” என்றாள். அவள் கையிலேயே அதை மூடிவைத்தேன்.

“உங்கப்பா என்கிட்ட நிறையக் கொடுத்திருக்கார்டி கொழந்தே” என்றேன். குட்டைப் பெண் தோளைத் தூக்கி ஏமாற்றினது என்னிடம் இருக்கிறது. பலகைக்குப் பின்னாலிருந்து திரும்பிய பையன் இருக்கிறான். வளையத்தில் உட்கார்ந்து யோசித்து, பெரிய மனசு பண்ணி இறங்கின பந்து இருக்கிறது. என் இரண்டு கண்ணாலும் நான் பார்க்காதவை. என்னிடம் அவற்றைத் தவிர வேறு கூடைப்பந்து கிடையாது. அதில் ஒரு ஆட்டத்தையாவது அவளுக்கு நான் சொல்ல வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. முடிகிற நேரத்தில் நான் வளையத்தின் கீழே நின்றேன். எனக்கு நேர் எதிரே இரண்டு தடியன்கள் இடத்துக்காக முட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைகளைப் பார்க்க வேண்டியது என் வேலை. தூரத்து மூலையிலிருந்து ஒருவன் எறிந்தான். பந்து கையைவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. நான் மேலே பார்த்தேன்.

பந்து உயரமாக வந்தது. எவ்வளவு மெதுவாக வருகிறது, எவ்வளவு பெரியது! வளையத்தின் விளிம்பைத் தொட்டு, சற்றே எழும்பி, மறுபடி வந்து உட்கார்ந்தது. சாகுல் சொன்னதில் ஒரு துளி பொய் இல்லை. அது யோசித்தது. யோசித்துவிட்டு, வேண்டாம் என்று வெளியே விழுந்தது.

நான் பார்வையை இறக்கியபோது ஒரு தடியன் தரையில் கிடந்தான். நல்லவேளை, எழுந்துகொண்டான். இரண்டு பக்கமும் கத்தினார்கள். என் வாயிலிருந்து விசில் விழுந்திருந்தது. கூட்டத்திலிருந்து, தொந்தி போட்ட பழைய ஆட்டக்காரன் ஒருவனின் குரல் வந்தது: “மேடம், டிக்கெட் வாங்கிட்டீங்களா?”

மைதானமே சிரித்தது. நஸ்ரின் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். என்னோடு விசில் பிடித்த இளைஞர் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார். நல்ல நடுவர், பந்தைப் பார்க்காதவர். “மேடம், உங்க பக்கம்தான். யார் ஃபவுல்?” என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

“தெரியாதுப்பா” என்றேன். “நான் பந்தைப் பாத்துண்டிருந்தேன்.”